வல்வில்: கொல்லி நாட்டு மரவில்லின் அமைதி

முன்னுரை

பண்டைத் தமிழர் கையாண்ட படைக்கலங்களுள், இலக்கியத்தில் மிகுதியாகப் பேசப்பட்டும் நிலத்தில் எஞ்சாது மறைந்தது வில். வாளும் வேலும் இரும்பாலாயவை. துருவேறியேனும் ஈமக்குழிகளிற் கிடைக்கின்றன. வில்லோ மரத்தாலாயது. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் கறையானுக்கும் ஆற்றாது மரம் மக்கிவிடும். அலெக்சாண்டர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் நிகழ்த்திய அகழ்வில் இரும்பு அம்புமுனைகள் வெளிப்பட்டன. அம்முனைகளைச் செலுத்திய வில் ஒன்றேனும் வெளிப்படவில்லை. ஆகவே, தமிழர் வில்லைப் பற்றி அறிய முற்படுவார்க்குச் சொல்லும் கல்லும் காசுமே சான்றாகின்றன. இம்மூன்றனுள்ளும் சொல்லே பெரிது.

சொல்லைச் சான்றாகக் கொள்ளுங்கால் ஓர் இடர்ப்பாடு உண்டு. வல்வில், வரிசிலை, கொடுமரம் என்னும் தொடர்களை நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். ‘வல்வில் — வலிய வில்’ என்று பொருள் எழுதி அடுத்த சொல்லுக்குச் செல்கிறோம். வலிமையாவது யாது, அது வில்லின் எப்பகுதியில் உள்ளது, அதனை எவ்வாறு ஒரு தச்சன் மரத்தினின்று பெறுகின்றான் என்னும் வினாக்கள் எழுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை கண்டாலன்றி, இப்பெயரடைகள் வெறும் அணிகளோ, தொழில் அறிந்தோர் வழங்கிய பொருள் பொதிந்த சொற்களோ என்பது துணியப்படாது. ஒரு மரக்கோல் வில்லாகும் முறையை முதற்கண் விளங்கிக்கொண்டு, அதன் துணையால் இச்சொற்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குரிய நிலம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியும் அதனைச் சூழ்ந்த மலைகளும் ஆகும். தருமபுரிப் பகுதி 1965 இலும், நாமக்கல் பகுதி 1997 இலும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன் இவையனைத்தும் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தன. மேற்கே மேட்டூரையடுத்துப் பாலமலை; வடகிழக்கே சேர்வராயன்மலை; தென்கிழக்கே கொல்லிமலை. இவற்றிடையே அமைந்த வெளியில், மேட்டூர் வட்டத்தில், நெசவுத்தொழிலாற் பெயர்பெற்ற ஜலகண்டாபுரம் உள்ளது. மலைநாட்டில் வேட்டுவன் கையிலிருந்த வில்லும், சமவெளியில் பஞ்சு எஃகுவோன் கையிலிருந்த வில்லும் ஓரினத்தனவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓரியும் கொல்லியும்

வில்லாற் பெயர்பெற்ற தமிழ்த் தலைவருள் முதல்வன் கொல்லிமலைக்குரிய ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக இவனைப் பெருஞ்சித்திரனார் புறநானூற்று 158 ஆம் பாட்டிலும், நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையிலும் எண்ணுகின்றனர். வன்பரணர் இவனைப் புறநானூற்று 152, 153 ஆம் பாட்டுகளிலும், கழைதின் யானையார் 204 ஆம் பாட்டிலும் பாடினர். ‘வல்வில்’ என்னும் அடை இவன் பெயரோடு ஒன்றி நிற்கின்றது. புறப்பாட்டில் மட்டுமன்று, நற்றிணை 6 ஆம் பாட்டிலும் இவன் காடு இவ்வடையோடு கூடியே சுட்டப்படுகின்றது. பிற வள்ளல்கட்குத் தேரும் வேலும் குதிரையும் அடையாகி நிற்க, இவனுக்கு மட்டும் வில்லே அடையாயினமை கருதத்தக்கது.

152 ஆம் பாட்டின் செய்தி யாவரும் அறிந்ததே. காட்டிடத்தே வில்லேந்தி வந்த ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்குகிறது. அவன் தோற்றத்தை நோக்கிய பாணர் கூட்டத்தார், ஊன் விற்று வாழும் வேட்டுவன் இவன் அல்லன், செல்வமுடைய தலைவனாதல் வேண்டும் என்று ஐயுறுகின்றனர். அவன் புகழைப் பாடக் கேட்டு அவன் நாணுகின்றான். ஊனும் தேறலும் அளித்துப் பொன்னும் மணியும் வழங்குகின்றான். இப்பாட்டை வரலாறாகக் கொள்வதா, புனைவாகத் தள்ளுவதா என்பது நெடுங்காலமாக உள்ள வினா. அதற்கு விடை கூறும் முன் வில்லை அறிதல் வேண்டும்.

ஓரியின் முடிவும் வில்லோடு தொடர்புடையது. முள்ளூர்க்குரிய மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பது அகநானூற்று 209 ஆம் பாட்டாற் பெறப்படும். சேரர்க்குரிய இலச்சினை வில். கரூரில் அமராவதியாற்றுப் படுகையிற் கிடைத்த சேரர் செப்புக் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்லிப்பொறை என்னும் பெயர் தாங்கிய காசும் கிடைத்துள்ளது. புகழூர் ஆறுநாட்டார்மலைக் கல்வெட்டு, இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையினரைப் பெயர் சுட்டுகின்றது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குத் தலைவனான தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் வெற்றியும் கொல்லிக் கூற்றத்தில் நிகழ்ந்ததாகப் பதிகம் கூறும். வில்லைக் கையிற் கொண்டவன் மாய்ந்தான். வில்லைக் காசிற் பொறித்தவர் அவன் மலையைக் கொண்டனர்.

காசிலுள்ள வில் அடையாளமேயன்றி அளவை அன்று. நடுகற்களில் உள்ள வில்லும் அவ்வாறே. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972 இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியும், தருமபுரிப் பகுதிக் கற்களும், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்கும் மறவரைக் காட்டுகின்றன. நிரை மீட்டுப் பட்டவனுக்கு வில் உரியது என்பது அவற்றால் தெளிவாகும். ஆயினும் அவ்வில் எம்மரம், எத்துணைப் பருமன், எங்ஙனம் வளைந்தது என்பவற்றைக் கல் கூறாது. பிறநாட்டு ஆய்வாளர் இதிற் பேறுடையர். தென்மார்க்கின் ஓல்மேகார்டுச் சதுப்புநிலத்தில் 1944 இற் கண்டெடுத்த எல்ம் மரவில் ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையது. 1545 இல் மூழ்கி 1982 இல் மேலே கொணரப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பல் ‘மேரி ரோசு’ நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்களைத் தந்தது. சேறு காத்த அப்பொருள்களை அவர் அளந்து பார்க்கின்றனர். நமக்கோ சொல்லையே அளத்தல் வேண்டியிருக்கிறது.

மரமும் நாணும்

வில்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் இரண்டு மரத்தை நேரே சுட்டுவன. ஒன்று சிலை. இச்சொல் வில்லையும், வில் செய்தற்குரிய ஒரு மரத்தையும் குறிக்கும். ‘சிலைவில்’ என வருமிடங்களில் சிலைமரத்தாற் செய்த வில் என்று உரையாளர் பொருள் கொள்வர். மற்றொன்று கொடுமரம். கொடுமை ஈண்டு வளைவு; வளைந்த மரமே கொடுமரம். முன்னது பொருளாற் பெற்ற பெயர். பின்னது தொழிலாற் பெற்ற பெயர். வில்லாவது மரம், மரமாவது வளைதற்குரியது என்னும் இரண்டு உண்மைகளையும் இவ்விரு பெயர்களும் தம்முட் பகிர்ந்து கொள்கின்றன.

சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம் படைக்கலச்சாலையைக் கூறுமிடத்து, பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் நான்கினாலும் விற்கள் ஆக்கப்படும் என்கின்றது. இவற்றுள் முதல் மூன்றும் கொல்லி நாட்டிலும் அதன் சமவெளியிலும் எளிதிற் கிடைப்பன. மூங்கிலுள் உள்ளீடு நிரம்பிய கல்மூங்கில் இதற்குச் சிறந்தது. பனையின் வைரம் இழை நெருங்கியது, கனமுடையது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசு கண்டதை எடுத்தெழுதிய கிரேக்க ஆசிரியர் அரியன், இந்திய வில் அதனை ஏந்துவோன் உயரமே உடையது என்றும், அதன் ஒரு முனையை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்தி வளைப்பர் என்றும் குறிக்கின்றார். ஆள் உயரம் என்னும் அளவு தற்செயலானதன்று. மரவில்லின் இயல்பே அவ்வளவை வேண்டுகின்றது.

நாணுக்கு அர்த்தசாத்திரம் கூறும் பொருள்களுள் மூர்வை முதலாவது. அது மரல் இனத்தைச் சார்ந்தது என்பர் தாவர நூலார். மரல் வறண்ட குன்றுகளில் வளர்வது; நெடிய இலையுடையது; இலையைத் தட்டி நாரெடுத்துத் திரிக்கலாம். தமிழில் இதற்கு நேர்ச்சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து இடையன் ஒருவனைக் காட்டுகின்றார். அவன் குமிழ மரத்தின் உள்துளையுடைய கொம்பை வளைத்து, மரல் நாரால் திரித்த புரியை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண் இசைக்கின்றான். யாழ் வில்லினின்று தோன்றியது என்பதற்கு எடுத்துக்காட்டப்படும் இவ்விடம், மரல் நார் இழுவிசை தாங்கும் நாணாகப் பயன்பட்டமைக்கும் சான்றாகின்றது.

மரம் தேர்தலிலும் யாழ் நமக்கு வழிகாட்டுகின்றது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தே சீவகன் தன்முன் வைத்த யாழ்களைக் குற்றங்கண்டு விலக்குகின்றான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடியுண்ட மரம் என்றிவை கோட்டுக்கு ஆகா. இக்குற்றங்கள் இசைக்கு மட்டும் உரியன அல்ல. மரத்தின் இழை உயிரோடும் ஒழுங்கோடும் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள். விரலால் மெல்லத் தெறிக்கும் யாழ்க்கோட்டுக்கே இத்துணைத் தேர்ச்சி வேண்டுமாயின், முழுவலிமையோடு வளைக்கும் வில்லுக்கு எத்துணை வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

வளைவை நிகர்செய்தல்

இனி, மரக்கோல் வில்லாகும் முறையைக் காண்போம். முதன்முறையாக வில் செய்வார் வெட்டுதலும் செதுக்குதலுமே இத்தொழில் என்று எண்ணுவர். அவை தொடக்கமே. வில்லின் இரு கைகளும் தம் நீளம் முழுதும் ஒத்து வளையுமாறு பதப்படுத்துவதே தொழிலின் உயிர்நிலை. இதனை ஈண்டு ‘வளைவை நிகர்செய்தல்’ என வழங்குவோம்.

நேரிய இழையும் கணு அற்ற உடலும் உடைய கோலை வெட்டி, முனைகள் வெடியாதவாறு மெழுகோ அரக்கோ பூசி, நிழலில் உலர விடுதல் வேண்டும். ஈரம் வற்றாத கோல் எளிதில் வளையும். ஆனால் வளைந்தவாறே நின்றுவிடும். 28 அங்குலம் இழுக்கும் வில்லாளனுக்கு 66 அங்குலத்திற்குக் குறையாத மரவில் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. இது நடுத்தர மனிதனின் உயரத்தை ஒட்டியது. அரியன் கூறிய அளவுக்கு இதுவே காரணம். குறுகிய மரம் அத்துணை வளைவைத் தாங்காது முறியும்.

வில்லுக்கு அகமும் புறமும் உண்டு. எய்வோனை நோக்கிய பக்கம் அகம். இலக்கை நோக்கிய பக்கம் புறம். நாண் இழுபடுங்கால் புறத்து இழைகள் நீட்சியுறும். அகத்து இழைகள் நெருக்குண்ணும். நீட்சியுறும் பக்கத்தில் ஓர் இழை அறுந்தாலும் விரிசல் அவ்விடத்தே தொடங்கி வில் முறியும். ஆதலின் புறத்தில் உளி படலாகாது. மரமாயின் ஒரே வளர்வளையம் முனைக்கு முனை அறுபடாது ஓடுதல் வேண்டும். மூங்கிலாயின் அதன் தோலே புறமாக நிற்றல் வேண்டும். குறைப்பதெல்லாம் அகத்தில்தான்.

முதலில் வாய்ச்சியால் உருவம் செய்து, நடுவில் பிடி விட்டு, இரு கைகளையும் முனை நோக்கிச் சிறிது சிறிதாக மெலிய விடுவர். பின்னர் ஒரு முனையை நிலத்திலூன்றி, பிடியை அழுத்தி, கை அசைகின்றதா என்று பார்ப்பர். அசைவு தோன்றியபின் இரு முனைகளிலும் நாண் கோக்கும் வெட்டாகிய குதை இட்டு, தளர்ந்த நெடிய கயிறு ஒன்றை மாட்டுவர். ஒரு நிறுத்துமரத்தின் தலையில் வில்லின் பிடியை இருத்தி, அம்மரத்தில் அங்குலந்தோறும் வெட்டிய படிகளில் கயிற்றை ஒவ்வொன்றாக இறக்கிப் பூட்டி, பத்தடி எட்ட நின்று நோக்குவர். கண்ணே ஈண்டு அளவுகோல். இரு கைகளும் ஒன்றுபோல் வளைகின்றனவா? ஒரு கையில் எவ்விடம் வளையாது விறைத்து நிற்கின்றது? எவ்விடம் முழங்கை மடங்குவதுபோல் மடங்குகின்றது?

விடை கண்டபின் வேலை தொடங்கும். விறைத்த இடத்தை மட்டும் சீவுதல் வேண்டும். மடங்கும் இடத்தைத் தொடலாகாது. சீவிய மரத்தை மீண்டும் ஒட்டுதல் இயலாதாகலின், மெலிந்த இடத்துக்கு மருந்து ஒன்றே உண்டு: மெலியாத இடமெல்லாம் அதற்கு நிகராகும் வரை மெலிதல். இதனால் வில் முழுதும் வலிமை குன்றும். முதல் வில் செய்வார் தாம் கருதியதினும் மென்மையான வில்லையே பெரும்பாலும் பெறுவது இக்காரணத்தால்தான்.

இதற்கு அளவியற் காரணமும் உண்டு. மரத்தின் விறைப்பு அதன் அகலத்திற்கு நேராகவும், பருமனின் மும்மடிப் பெருக்கத்திற்கு நேராகவும் மாறும். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கே குறையும். பருமனை அவ்வளவு குறைத்தாலோ விறைப்பு நூற்றுக்கு 27 பங்கு குறைந்துவிடும். ஆதலின் முடிவு நெருங்க நெருங்க உளியை வைத்துவிட்டுக் கத்தி முனையாலோ கண்ணாடிச் சில்லாலோ சுரண்டுவர். ஒவ்வொரு முறை சுரண்டியபின்னும் கயிற்றை இருபது முப்பது முறை மெல்ல இழுத்து விடுவர். மரம் தன் புதிய வடிவுக்குப் பழகிய பின்னரே சுரண்டியதன் பயன் கண்ணுக்குப் புலப்படும். குறை கண்ட இடத்தில் அதனைத் தீர்க்காது மேலும் ஒரு படி இழுத்தல் ஆகாது; கருதிய வலிமைக்கு மேல் ஒருபோதும் இழுத்தல் ஆகாது.

இரு கைகளும் ஒத்தபின் நாணைக் குறுக்கி, நாணுக்கும் பிடிக்கும் இடையே ஏறத்தாழ 6 அங்குலம் நிற்குமாறு பூட்டி, மீண்டும் அதே ஆய்வை நிகழ்த்துவர். அம்பு பிடிக்கு மேலே செல்வதாலும், கை வில்லின் நடுவுக்குச் சற்றுக் கீழே பற்றுவதாலும், கீழ்க்கை மேற்கையினும் சிறிதே விறைப்பாக இருத்தல் நன்று. இவ்வாறு படிப்படியாகச் சென்று, கடைசி அங்குலத்தை வில் தாங்கியபோதே அது வில்லெனும் பெயர்க்கு உரியதாகும்.

சொல்லின் பொருள்

மேற்கூறிய முறையை உளங்கொண்டு பழந்தொடர்களை நோக்குவோம்.

‘வல்வில்’ என்பதனை வளைத்தற்கு அரிய வில் என்று மட்டும் கொள்வது போதாது. வளைத்தற்கு அரியதாக ஒரு கோலை வைத்தல் எளிது. சீவாது விட்டால் அமையும். அத்தகைய கோல் அம்பைச் செலுத்தாது. வலிந்து இழுத்தால் முறியும். விறைப்பு வேறு, வன்மை வேறு. வன்மையாவது இழுத்தவன் கொடுத்த ஆற்றலை ஓரிடத்திற் குவியவிடாது முனை முதல் முனை வரை பகிர்ந்து தாங்கி, விட்ட நொடியில் அம்புக்கு அளிக்கும் தகுதி. ஆகவே வல்வில் என்பது உடையவன் தோள்வலியை மட்டும் உணர்த்தாது, செய்தவன் கைத்திறத்தையும் உடன் உணர்த்தும் என்பது என் துணிபு. ஓரியின் வில்லைப் பாடிய புலவர் அதனைச் செய்த கைவினைஞன் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அடைமொழியில் அவன் தொழில் நிற்கின்றது.

‘வரிசிலை’ என்பதற்குக் ‘கட்டமைந்த வில்’ என்று உரையாளர் பொருள் எழுதுவர். வரிதல் கட்டுதலாகும். கற்போர் சிலர் இதனை வரிகள் பொருந்திய வில் என்றும், நெடிய வில் என்றும் கொள்வர். தொழில்முறை உரையாளர் பக்கமே நிற்கின்றது. மூங்கிலின் கணுவருகிலும், மரத்தில் இழை எழும் இடத்திலும் நாராலோ நரம்பாலோ இறுகச் சுற்றிக் கட்டுதல் வில் முறியாமைக்குச் செய்யும் காப்பு. கட்டியபின் அக்கட்டுகள் குறுக்கு வரிகளாகவும் தோன்றும். எனவே கட்டு என்பது செயல். வரி என்பது அதனால் விளைந்த தோற்றம். இரண்டு பொருளும் ஒரே வில்லில் அடங்குதலின், உரையாளர் கூற்றை விலக்க வேண்டிய தேவை இல்லை. அவர்கள் வில்லைக் கண்ணாற் கண்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

வள்ளுவர் பகைவரின் பணிமொழிக்கு வில்லின் வணக்கத்தை உவமையாக்கினார். தீங்கு செய்யக் கருதியே வில் வணங்கும் என்பது அவர் கருத்து. இவ்வுவமையின் நுட்பமும் தொழிலறிவால் விளங்கும். விறைத்த கோல் தீங்கு செய்யாது. நன்கு வணங்கும் வில்லே கொல்லும். எத்துணை ஒழுங்காக வணங்குகின்றதோ அத்துணைக் கொடிது.

இனி 152 ஆம் பாட்டின் வினாவுக்கு வருவோம். மரவில்லின் அம்பு ஒரு மானை ஊடுருவி அப்பாற் செல்லுதல் கூடும். யானையின் உடலைக் கடந்து, பின்னும் நான்கு உயிர்களைத் துளைத்துச் செல்லுதல் எவ்வில்லுக்கும் இயலாது. ஆகலின் அப்பகுதி உயர்வுநவிற்சியே. அதனை நிகழ்ச்சியென நாட்ட முயல்வது புலவர்க்குப் பெருமை ஆகாது. ஆனால் அது பற்றிப் பாட்டையே வரலாற்றுக்குப் புறம்பென்று ஒதுக்குவதும் தவறு. பெரிதினின்று சிறிதுக்கு இறங்கி வரும் அவ்வரிசை, அம்பு தன் ஆற்றலைப் படிப்படியாக இழந்து இறுதியிற் புற்றடியில் ஓய்வதைக் காட்டுகின்றது. அம்பின் செலவை அறிந்த ஒருவரே இவ்வாறு மிகைபடக் கூறவும் இயலும். தலைவனே தனியனாய்க் காட்டில் வேட்டையாடியமையும், வில் வேட்டுவனுக்கும் வேந்தனுக்கும் பொதுவாய் இருந்தமையும், பாணர் அவன் வேட்டையூனை உண்டமையும் ஐயமின்றி வரலாற்றுச் செய்திகளே. மிகையை நீக்கினால் எஞ்சுவது சிறிதன்று.

வில்லின் பிற்கால நிலை

ஓரிக்குப் பின்னும் தமிழ்நாட்டில் வில் நெடுங்காலம் வாழ்ந்தது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன் படைப்பிரிவுகளுள் ‘பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள்’ என ஒன்றைக் குறிக்கின்றன. தெரிந்த என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட என்னும் பொருட்டு. வெடிமருந்துக் கருவிகள் பரவியபின் போர்க்களத்தில் வில்லுக்கு இடமில்லாது போயிற்று. சேலமும் பாராமகாலும் 1792 இல் திப்புவினிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறின. 1882 ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் காட்டு மரத்தைக் கொள்ளும் உரிமையைக் கட்டுப்படுத்தியது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காட்டுயிர் காத்தற்கு அது வேண்டிய சட்டமே. ஆயினும் இம்மூன்று மாற்றங்களின் விளைவாக, வில் செய்வோர்க்கு முதலில் போரும், பின்னர் மரமும், இறுதியில் வேட்டையும் இல்லாதொழிந்தன என்பது வரலாறு.

தொழில் போன பின்னும் பொருள் சில இடங்களில் உருமாறி நின்றது. நீலகிரியில் தொதவர் வேட்டைக்கு வில்லைப் பயன்படுத்தாத காலத்திலும், கருவுற்ற மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கை நடத்தினர். அச்சடங்கே குழந்தையின் தந்தையை நிலைநாட்டுவது என்பதை 1906 இல் ரிவர்சு என்னும் மானிடவியலார் விரித்தெழுதினார். நெல்லை, குமரிப் பகுதிகளில் வில்லுப்பாட்டுக் கலைஞர் பனை வைரத்தால் வில் செய்து, தோல் முறுக்கிய நாண் பூட்டி, வீசுகோலால் தட்டி இசைக்கின்றனர். அர்த்தசாத்திரம் கூறிய பனைவில் இன்று காணக்கிடைப்பது பாட்டரங்கில்தான்.

மூன்றாவது உருமாற்றமே ஜலகண்டாபுரம் போன்ற நெசவூர்களுக்கு உரியது. நூற்றற்கு முன் பஞ்சை எஃகுதல் வேண்டும். அதற்குரிய கருவி வில். நாணைப் பஞ்சுக் குவியலில் தோய்த்துத் தட்டினால் அதன் அதிர்வில் பஞ்சு நுரைபோல் விரியும். நற்றிணை 299 ஆம் பாட்டு, காற்றால் அலைப்புண்ட கடல்திரையின் பிசிரை வில்லால் அடிபட்ட பஞ்சுக்கு ஒப்பிடுகின்றது. ஆகவே உயிர் கொல்லும் வில்லும் உடை நல்கும் வில்லும் சங்ககாலத்திலேயே அருகருகே வழங்கின. மலையில் வல்வில் மறைந்து பல தலைமுறைக்குப் பின்னும் சமவெளியில் பஞ்சுவில் ஒலித்தது. ஆலை நூலும் விசைத்தறியும் வந்தபின் நெசவுக்கு அதன் தேவை அற்றது. மெத்தைக்குப் பஞ்சடிப்போர் கையிலும் இன்று அரிதாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வல்வில், வரிசிலை, கொடுமரம், சிலை என்பன மரத்தையும் அதன் வளைவையும் கட்டையும் அறிந்தோர் வழங்கிய தொழிற்சொற்கள் என்பதும், வளைவை நிகர்செய்யும் முறையை அறிந்தார்க்கே அவற்றின் பொருள் முழுமையாகப் புலனாகும் என்பதும் பெறப்பட்டன. அகராதி ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைத் தரும். அச்சொல்லுக்குரிய பொருளைத் தருவது கைவினைஞன் பட்டறை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யாகி என்னும் இனத்தாருள் எஞ்சிய ஒருவர் 1911 இல் தம் மலையினின்று வெளிப்போந்தார். இசி என அழைக்கப்பட்ட அவர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்து 1916 இல் மறைந்தார். அந்த ஐந்தாண்டிற்குள் சாக்சுடன் போப்பு என்னும் மருத்துவர் அவரருகில் இருந்து, மரம் தேர்தல் முதல் அம்பு எய்தல் வரை கற்று, 1918 இல் நூலாக்கினார். ஒருவர் கேட்டமையால் ஓரினத்தின் விற்கலை உலகில் எஞ்சியது.

கொல்லியின் வல்வில் செய்தோனை நாம் கேட்கும் காலம் கடந்துவிட்டது. பஞ்சுவில் செய்தோரையும் வில்லுப்பாட்டுக்கு வில் வளைப்போரையும் கேட்கும் காலம் கடந்துவிடவில்லை. எம்மரத்தை எப்பருவத்தில் வெட்டினர், வளைவு கோணினால் எவ்விடத்தைச் சீவினர், அச்செயலுக்கு அவர் வாயில் வழங்கிய சொல் யாது என்பவற்றைத் தமிழ் முதுகலை மாணவர் ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். இக்கட்டுரையில் ‘வளைவை நிகர்செய்தல்’ என்று யாம் ஆக்கி வழங்கிய தொடருக்கு அவர்களிடம் ஒரே சொல் இருத்தல் கூடும். அச்சொல் கிடைக்கும் நாளில் நம் தொடரை விலக்கி அதனை ஏற்பதே முறை.